நாப்பத்தி மூணு ஓட்டு

இந்தச் சீட்டுல கர்சீப் போட்டது நீங்கதானா? அப்பவே நெனச்சேன். அமெரிக்காவுல பஸ்ஸுக்குக் கர்சீப் போட்டு இடம் பிடிக்கிற ஆள் நம்ம ஊர் ஆளாத்தான் இருக்கணும். உக்காருங்க, உக்காருங்க. ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாக்க ஒண்ணுமில்ல, முப்பத்தாறு வருசமாப் பாத்த ரோடுதான்.

எந்த ஊரு? உசிலம்பட்டியா! நான் அருப்புக்கோட்டை. பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்து ரிட்டயர் ஆனீகளா? அப்ப டீச்சர்னே கூப்பிடுறேன். மக வீட்டுக்கா? நான் ஹாரோ கிரீக்ல எறங்கிருவேன், நீங்க அதுக்கு அடுத்த ஸ்டாப். மூணு மணி நேரம் இருக்கு.

என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கா? இருக்கும். வயிறு எரியுது டீச்சர். யார்ட்டயாவது சொல்லலைன்னா இந்தப் பஸ்ஸுலயே நெஞ்சு வெடிச்சுச் செத்துருவேன்.

இன்னைக்கு நான் எங்க போயிட்டு வர்றேன் தெரியுமா? சட்டசபைக்கு. ஆமா, இந்த மாநிலத்துச் சட்டசபைக்கு. எங்க தொகுதி எம்.எல்.ஏ.வுக்குப் பிரிவு உபசாரம். எட்டுத் தடவை ஜெயிச்சவன், இனிமே நிக்கலைன்னுட்டான். பேரு சோங் மான்சூ. கொரியாக்காரன். எம்.எல்.ஏ.வைப் போயி அவன் இவன்னு சொல்றேன்னு பாக்காதீக. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒரே வருசம் இங்க வந்தோம். ஒரே காளான் பண்ணையில, ஒரே வரிசையில நின்னு காளான் பறிச்சோம். எனக்கு அவன் மான்சூதான், அவனுக்கு நான் வீராதான்.

இன்னைக்கு அவன் பேசுறான். பேசி முடிச்சு நன்றி சொல்றான். முப்பத்தொரு பேருக்கு நன்றி சொன்னான் டீச்சர், நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். பொண்டாட்டிக்கு, பிள்ளைகளுக்கு, சர்ச்சுல சமைச்சுப் போட்ட அம்மாவுக்கு, சட்டசபை பாத்ரூம் கழுவுற ஆளுக்கு. நாய்க்கு நன்றி சொன்னான்! சிரிக்காதீக. முதல் தேர்தல்ல, முதல் வீட்டுக் கதவைத் தட்டும்போதே அவன் கெண்டைக்கால்ல கடிச்ச நாய். அது பேரு பிஸ்கட். "பிஸ்கட்டுக்கு நன்றி, அது கடிச்சதாலதான் அந்த வீட்டம்மா கட்டுப் போட்டுவிட்டு ஓட்டும் போட்டாங்க"ன்னான். மொத்த சபையும் சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. முப்பத்தொண்ணு எண்ணியாச்சு, அதுல என் பேரு இல்ல.

வீரபத்திரன். அருப்புக்கோட்டை வீரபத்திரன். எங்க பக்கம் கட்சிக் கூட்டத்துக்கு நோட்டீஸ்ல இந்தப் பேரைப் போட்டா, மைக் செட் கட்டுறதுக்கு முன்னாடியே ஆளு வந்து உக்காந்துரும். நீங்க கேட்டிருக்க மாட்டீக, நீங்க அப்பப் பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீக. ஒண்ணரை மணி நேரம் கையில துண்டுச் சீட்டு இல்லாமப் பேசுவேன். மாவட்டத் தலைவர் என் தோள்ல கையைப் போட்டு, "தம்பி, அடுத்த தடவை சீட்டு உனக்குத்தான்"னு சொன்னார். சோடாக் கடைக்காரன்கூடச் சாட்சி. நியாயமாப் பாத்தா எம்.எல்.ஏ. ஆக வேண்டியது நான்.

அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரிக்கு இங்க நர்ஸ் வேலை கெடைச்சுச்சு. அவ பேரு ராஜாத்தி. ரெண்டே வருசம், போயிட்டு வந்துருவோம்னு சொன்னா. சரி, ரெண்டு வருசம்தானே, தேர்தலுக்குள்ள திரும்பிரலாம்னு வந்தேன். முப்பத்தாறு வருசம் ஆச்சு. ஆனா ஒண்ணு, நான் இந்திய பாஸ்போர்ட்டை விடல. புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வச்சிருக்கேன். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்குனா நம்ம ஊர்ல தேர்தல்ல நிக்க முடியாதுல்ல? அதான்.

மாவட்டத் தலைவரா? அவர் செத்து இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. அது வேற விசயம் டீச்சர்.

மான்சூ கதைக்கு வர்றேன். காளான் பண்ணையில அவன் வாயே திறக்க மாட்டான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. அப்பறம் செருப்புத் தைக்கிற கடை ஒண்ணு போட்டான், சாவியும் போட்டுக் குடுப்பான். அந்தச் சமயத்துல அவன் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம், வயித்து வலின்னு ஆசுபத்திரிக்குப் போனாக. இவுக சொல்றது அவுகளுக்குப் புரியல, அவுக கேக்குறது இவுகளுக்குப் புரியல. காலையில போனவுகளைச் சாயந்தரம் வரைக்கும் உக்கார வச்சிருந்தாக. பிள்ளை தங்கல. மறுவாரம் கடையைத் திறந்தான், பழையபடி செருப்புத் தச்சான். என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டான். "வீரா, இந்த ஆசுபத்திரிக்கெல்லாம் சட்டம் போடுறது யாரு?" நான்தான் சொன்னேன், எம்.எல்.ஏ.ன்னு. நான் சொன்னேன்! சட்டசபைன்னு ஒண்ணு இருக்குன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் டீச்சர். அப்பறம் ராத்திரிப் பள்ளிக்கூடம் போனான், குடியுரிமை வாங்கினான், பள்ளிக்கூட போர்டுல உறுப்பினர் ஆனான். எல்லாம் அந்த ஒரு கேள்வியில இருந்து வந்தது.

முதல் தடவை எம்.எல்.ஏ.வுக்கு நின்னான், தோத்தான். ஏன் தோத்தான்? பிரச்சாரமே இல்ல. இந்த ஊர்ல பிரச்சாரம்னா என்ன தெரியுமா? ஒரு அட்டையை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி, கதவைத் தட்டி, "வணக்கம், நான் மான்சூ"ன்னு சொல்லிட்டு வர்றது. மைக் கிடையாது. மாலை கிடையாது. ஒரு வெடி கிடையாது. பால் விக்கிறவன்கூட இதைவிடச் சத்தமாப் போவான். ரெண்டாவது தடவை நின்னப்ப நான் சொன்னேன், மான்சூ, நீ பேசாம இரு, இந்தத் தேர்தலை என்கிட்ட விடுன்னேன். சரின்னு தலையாட்டினான். அவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான், அது வேற.

நான் என்ன பண்ணுனேன்? நம்ம ஊர் முறையில இறங்குனேன். சிவகாசியில என் அக்கா மகன் பால்பாண்டி பிளெக்ஸ் கடை வச்சிருக்கான். மான்சூ போட்டோவையும் என் போட்டோவையும் அனுப்பி, இருபதுக்குப் பத்து அடியில ஒண்ணு, நாலுக்கு மூணுல பதினாலு, பிரமாதமா அடிச்சு பார்சல்ல போடுடான்னேன். வாசகம் நானே எழுதினேன், இங்கிலீசுல. "மக்கள் தொண்டன் சோங் மான்சூவை ஆதரிப்பீர்." அடியில என் பேரு. பிளெக்ஸ் வைக்கிறவன் பேரும் படமும் கீழ இருக்கணும்ல? அது மரியாதை. அது இல்லைன்னா யாரு வச்சதுன்னு எப்படித் தெரியும்? உங்க உசிலம்பட்டியில பிளெக்ஸ்ல படம் இல்லாம எவனாவது கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லுவானா?

பார்சல் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா, அந்தப் பய வேலையைக் காட்டிட்டான். மான்சூ போட்டோ தெளிவா இல்லையாம். பெருசாக்குனா கட்டங்கட்டமாத் தெரியுதாம். அதனால அவனைச் சின்னதாக்கி மேல ஓரத்துல, வட்டத்துக்குள்ள போட்டுட்டான். அதுவும் எப்படி? மான்சூ தலையை வெட்டி எடுத்து, வெள்ளை வேட்டி சட்டை போட்ட ஒரு உடம்புல ஒட்டி வச்சிருக்கான். என் போட்டோ ஸ்டூடியோல எடுத்தது, நல்லாத் தெளிவா இருக்கும். அதை ஆள் உசரத்துக்குப் போட்டு, கை கூப்பி நிக்கிற மாதிரி, பின்னாடி சூரிய வெளிச்சம் வர்ற மாதிரி வச்சுட்டான். என் பேரு பெரிய எழுத்துல. போன் பண்ணிக் கேட்டா, "மாமா, எனக்குத் தெரிஞ்சது உங்க முகம்தானே"ங்குறான்.

நான் என்ன செய்ய? தேர்தலுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. கட்டிட்டேன். பெருசைச் செருப்புக் கடைச் சுவர்ல கட்டினேன். மத்ததை ஊருக்குள்ள பதினாலு இடத்துல கட்டினேன். சும்மா சொல்லக் கூடாது டீச்சர், அம்சமா இருந்துச்சு. போற வர்றவன் எல்லாம் காரை நிறுத்திப் பாத்தான். நான் பக்கத்துலயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மூணாம் நாள் நகராட்சியில இருந்து ஆள் வந்து, இவ்வளவு பெருசு வைக்கக் கூடாதுன்னு அவுத்துட்டான். ஆனா அதுக்குள்ள ஊரே பாத்துருச்சு.

ரிசல்ட் வந்துச்சு. முப்பத்தெட்டு ஓட்டுல தோத்தான்.

இருங்க, முக்கியமானது இப்பத்தான் வருது. இங்க ஓட்டுச் சீட்டுல கடைசியா ஒரு வெறும் கோடு இருக்கும். பட்டியல்ல இல்லாத ஆளுக்கு ஓட்டுப் போடணும்னா அந்தக் கோட்டுல அவன் பேரை நம்ம கையால எழுதலாம். அதுல நாப்பத்தி மூணு பேர் என் பேரை எழுதியிருக்காக! வீரபத்திரன்னு! இங்கிலீசுல பதிமூணு எழுத்து, ஒண்ணு விடாம எழுதியிருக்காக. நான் நிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. தானா வந்த ஓட்டு டீச்சர். அந்தக் கணக்குத் தாளை நான் லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்.

என்ன? ஆமா, நாப்பத்தி மூணு. அவன் தோத்தது முப்பத்தெட்டு. நீங்க தேர்தல் டியூட்டி பாத்தவுக, சட்டுனு கணக்குப் போடுறீக. அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது. அந்த நாப்பத்தி மூணு பேரும் அவனுக்குத்தான் போட்டிருப்பாகன்னு என்ன நிச்சயம்? சில பேர் வீட்டுலயே இருந்திருப்பாக. என் முகத்தைப் பாத்துத்தான் வந்திருப்பாக. ராஜாத்தியும் உங்கள மாதிரியேதான் கேட்டா. கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல.

செல்லாத ஓட்டுதான். நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே, எப்படிச் செல்லும்?

அந்த வாரக் கடைசியில மான்சூ எங்க வீட்டுக்கு வந்தான். சண்டை போடத்தான் வர்றான்னு நெனச்சு நானும் தயாரா இருந்தேன். ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டு வந்தான். அவுக வழக்கம் அது, ஒரு வீட்டுக்குப் போனா பழம். ரெண்டு கையாலயும் குடுத்தான். ராஜாத்தி தோசை ஊத்தினா, சாப்பிட்டான். பிளெக்ஸ் பத்தி ஒரு வார்த்தை பேசல. கை கழுவிட்டுக் கேட்டான், "வீரா, உன் பேரை நாப்பத்தி மூணு பேர் எழுதியிருக்காங்களே, நீ ஏன் நிக்கல?" குடியுரிமை இல்லைன்னேன். "ஏன் இல்ல?"ன்னான். ஊர்ல சீட்டு இருக்குன்னேன். "எப்பப் போற?"ன்னான். பாக்கணும்னேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

மூணாவது தடவை நின்னப்ப நான் பெரிய திட்டமே வச்சிருந்தேன். மேளம், ஊர்வலம், எல்லாம். அவன் வந்து, "வீரா, எனக்கு ஒரு உதவி. ஆறு வாரம் நீ என் கடையைப் பாத்துக்க. உன்னை விட்டா எனக்கு நம்பிக்கையான ஆள் இல்ல"ன்னான். எவ்வளவு பெரிய பொறுப்பு! ஆறு வாரம் நான் கடையை விட்டு அசையல. ஹீல்ஸ் ஒட்டினேன், சாவி போட்டேன். அவன் பழையபடி அந்த அட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தான். தொள்ளாயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சான். நான் கடையில உக்காந்ததாலதானே அவனால நடக்க முடிஞ்சுச்சு? சொல்லுங்க, நியாயம்தானே? ராஜாத்தி இதுக்கும் சிரிக்கிறா. எதுக்குச் சிரிக்கிறான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜெயிச்சு அவன் கொண்டு வந்த முதல் சட்டம் அந்த ஆசுபத்திரிச் சட்டம்தான். எந்த மொழிக்காரன் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு பண்ணணும். அதை நிறைவேத்த அஞ்சு வருசம் ஆச்சு. மூணு தடவை கமிட்டியில தூக்கிப் போட்டாக. நாலாந்தடவையும் அதே காகிதத்தைத் தூக்கிக்கிட்டுப் போனான். நானா இருந்தா மேசையில ஏறி நின்னு பேசியிருப்பேன். இவன் ஒவ்வொரு உறுப்பினர் அறைக்கும் போயி, உக்காந்து, அவுக பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தான். இதெல்லாம் ஒரு அரசியலா? போன வருசம் எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப, இங்கிலீசு அத்தனையும் மறந்து போச்சு டீச்சர். வாயில தமிழ்தான் வந்துச்சு. ஒரு பொண்ணு போன்ல தமிழ்ல கேட்டுச்சு, எங்க வலிக்குது ஐயான்னு. சரி, அதை விடுங்க.

எங்க விட்டேன்? ம், கவர். அதைச் சொல்லலையே. முதல் தடவை பதவி ஏத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பழுப்புக் கவர் குடுத்தான். பதவி ஏதோ போட்டுக் குடுக்குறான், ஆலோசகர் கீலோசகர்னு பிரிச்சா, குடியுரிமை மனு. அதுவும் வெறும் மனு இல்ல, அவன் கையாலயே பூர்த்தி பண்ணுனது. என் பிறந்த தேதி, எந்த வருசம் வந்தேன், எங்கெங்க வேலை பாத்தேன், எல்லாம் ராஜாத்திகிட்டக் கேட்டு எழுதியிருக்கான். பேரு மட்டும் எழுதல. பேரும் கையெழுத்தும் காலி. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவன் யாரு என்னை அமெரிக்காக்காரனாக்க? டிராயர்ல தூக்கிப் போட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு, ரெண்டாவது தடவை ஜெயிச்சான், திரும்ப ஒரு கவர். ஜெயிக்க ஜெயிக்க ஒரு கவர். மனுவோட மாதிரி மாறும், பக்கம் கூடும், சலிக்காம முதல்ல இருந்து எழுதுவான். எட்டுத் தேர்தலுக்கு எட்டுக் கவர் என் டிராயர்ல கிடக்கு. ராஜாத்தி குடியுரிமை வாங்கிட்டா, பதினெட்டு வருசம் ஆச்சு. எட்டுத் தடவையும் அவனுக்கு ஓட்டுப் போட்டா.

நானா?

என்ன டீச்சர், நீங்களும் இப்படிக் கேக்குறீக? நான் எப்படிப் போட முடியும்? ஊர்லயா? ஊர்ல பட்டியல்ல பேரு இருந்துச்சு. போன வருசம் தம்பி விசாரிச்சுச் சொன்னான், எடுத்துட்டாங்களாம். இடம் பெயர்ந்தவர்னு ஒரு காரணம் இருக்கா? நீங்களே அப்படி அடிச்சிருக்கீகளா? எத்தனை பேரை? சரி, சரி, உங்க கடமை. யாரையும் குத்தம் சொல்லல. விரல்ல மை வச்சு நாப்பது வருசமாகப் போகுது. வீரபத்திரன் பேசி ஓட்டுக் கேட்டா ஊரே போடும், வீரபத்திரனுக்கு ஓட்டு எங்கயும் இல்ல. நீங்க அதைத்தானே நெனைக்கிறீக? மூஞ்சியிலயே தெரியுது.

இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் நான் விடல. வராந்தாவுல போயி மடக்கினேன். நாய்க்கு நன்றி சொன்னியே, எனக்கு எங்கடான்னு கேட்டேன். இங்கிலீசுலதான், ஆனா 'டா' போட்டேன். சுத்தி நின்னவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக. அவன் சிரிச்சான். வயசாயிருச்சு டீச்சர் அவனுக்கு, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறான். "பேச்சுல உன் பேரு இருந்துச்சு வீரா, காலையில அடிச்சுட்டேன்"னான். ஏன்னேன். "சொன்னா நீ சந்தோசமா வீட்டுக்குப் போயிருவே. கைதட்டு வாங்கிட்டு நிம்மதியாத் தூங்கிருவே. உன் பேரை எழுத வேண்டியது நான் இல்ல. உன் பேரை இந்த ஊர்ல நாப்பத்தி மூணு பேர் எழுதினாங்க, நீ ஒருத்தன்தான் இன்னும் எழுதல"ன்னான். சொல்லிட்டு, கோட்டுக்குள்ள கையை விட்டு, ரெண்டு கையாலயும் நீட்டுறான். என்னத்தை? ஒன்பதாவது கவர்!

நன்றி கேட்டவனுக்கு மனு குடுக்குறான். இதை எங்க போயிச் சொல்ல? அதோட விட்டானா? "எனக்குப் பதிலா நிக்கப் போற பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா வித்தியாசம் குறைவாத்தான் இருக்கும். அடுத்த நவம்பருக்கு ஒவ்வொரு ஓட்டும் வேணும். அவ தோத்தா அந்த ஆசுபத்திரிச் சட்டத்தைத்தான் முதல்ல ரத்து பண்ணுவாங்க"ன்னான். அதுக்கு நான் என்ன பண்ண? என்கிட்ட ஏன் சொல்றான்? முப்பத்தொரு பேர் இருக்காக, அவுககிட்டச் சொல்ல வேண்டியதுதானே. பிஸ்கட் இருக்கு.

இந்தா, இதுதான் அந்தக் கவர். பிரிச்சே பாருங்க. பாத்தீகளா, கையெழுத்து எவ்வளவு நடுங்கியிருக்கு. முன்னாடியெல்லாம் அச்சு மாதிரி எழுதுவான். இருபது பக்கத்துக்கு இதை எழுத அவனுக்கு எத்தனை நாள் ஆச்சோ. கிறுக்கன்.

பேனாவா? வேண்டாம், உள்ள வைங்க. நான் என்ன கையெழுத்துப் போடவா காட்டினேன்? அவன் செஞ்ச அநியாயத்தைக் காட்டினேன். எனக்கு ஊர்ல வேலை இருக்கு டீச்சர். அடுத்த தேர்தலுக்கு அங்க இருப்பேன். இந்தத் தடவை பால்பாண்டியே சொல்லியிருக்கான், மாமா வாங்க, பிளெக்ஸ் என் பொறுப்புன்னு.

ஆகா, பேசிக்கிட்டே வந்ததுல தெரியல, ஹாரோ கிரீக் வந்துருச்சு. அந்தா, நீலக் கோட்டுல நிக்கிறாளே, அதுதான் ராஜாத்தி. எப்படிக் கேக்கப் போறா பாருங்க, உங்க பேரைச் சொன்னானான்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்? வர்றேன் டீச்சர். மக வீட்டுல பத்திரமா இருங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கும்போது கர்சீப்பை மறந்துராதீக.

என்ன? ஐயோ, கவர்! சீட்டுலயே விட்டுட்டேனா? குடுங்க, குடுங்க. டிரைவர், ஒரு நிமிசம்! டீச்சர், அப்படி மடக்காதீக. மடங்கிப் போனா ஆபீஸ்ல வாங்க மாட்டான்.